கீழே இறக்கி வைக்கச் சொன்ன எங்கள் அண்ணன்

அண்ணனின் நினைவு மலரில் நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். உறவில் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்ததைத் தவிர இத்தனை வருடமாக வேறு எதையும் எழுதியதில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். ஆனால் அண்ணி என்னைக் கூப்பிட்டு, "கூட இருந்தவ நீதான். நீ எழுதலைனா அவரு எப்பிடிப் போனாருனு ஆளுக்கு ஒரு கதை சொல்லினு இருப்பாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அடிபட்ட ஊர்க்காரர்கள் கைக்கும் இந்த மலர் வரும். அவர்கள் மனம் நோக எழுத எனக்கு எண்ணம் இல்லை. நடந்ததை எழுதாமல் விடவும் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அப்பாவுக்கு இடுப்பு விழுந்த வருடம், எட்டாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் பையை ஆணியில் மாட்டிவிட்டு மண்டிக்குப் போனார். என்னை மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை. "நீ போமா, நான் பாத்துக்கறேன்" என்பார். அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை.

மூட்டை தூக்கி, லாரியில் லோடுமேனாகப் போய், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்று, பிறகு திருவண்ணாமலையில் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். செங்கம் ரோட்டு ஸ்டாண்டில் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆசிரமம் பக்கத்து விடுதிகளுக்கு ஜெனரேட்டர், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, மாவு அரைக்கும் கல், வாசல்படிக்கு வெட்டிய கருங்கல் எல்லாம் அண்ணன் வண்டியில்தான் போகும். என் கணவர் காலமான பிறகு நான் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு விடுதியில் சமையல் வேலையும் அவர்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அண்ணனுக்கு வேலையில் பிடிவாதம் ஜாஸ்தி. யாராவது லோடு ஏற்றக் கூப்பிட்டால், சாமான் என்ன, எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால், "எங்க எறக்கப் போறீங்க?" என்று கேட்பார். இறக்கும் இடத்தைப் போய்ப் பார்க்காமல் பாரமான எதையும் ஏற்ற மாட்டார். எப்படி இறக்கப் போகிறோமோ அதற்குத் தகுந்த மாதிரிதான் ஏற்ற வேண்டும் என்பார். பாரம் கேபினை ஒட்டி, சக்கரத்துக்கு மேலே உட்கார வேண்டும். அடியில் பழைய டயரோ ஈரச் சாக்கோ போட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பெல்ட் கட்டி, கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓரம் கட்டி இப்படிப் பார்க்கும்போது மற்ற டிரைவர்கள், "இன்னா தலைவரே, பொண்ணுக்குப் பின்னல் சரியா இருக்கானு பாக்கறியா?" என்று கத்திக்கொண்டே போவார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வண்டியின் பின்கதவைத்தான் ஸ்டாண்டில் டோர் என்பார்கள். அதைத் திறந்து படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும். பலரும் நீளமான சாமானை அதன்மேல் வைத்தே ஓட்டிக்கொண்டு போவார்கள். அண்ணனுக்கு அது ஆகாது. ஒரு நாள் நான் ஏன் என்று கேட்டேன். வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். "அத இடுப்புல வெச்சினு தெருவே நடப்ப. அதே குடத்தக் கைய நீட்டிப் புடிச்சினு நடப்பியா? பள்ளத்துல கால வெச்சா இன்னா ஆவும்? டோரு நீட்டின கை மாதிரி. மூடறதுக்குத்தான் அது. சொமக்கறதுக்கு இல்ல" என்றார். எனக்கு அன்றோடு புரிந்துவிட்டது.

ஒரு முறை விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் வீடு மாற்றினார். சாமான் ஏற்றி முடித்ததும் திறந்த டோரில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மலையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமாம். அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. அந்த அம்மா, "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்றார். அண்ணன், "உனக்கு நோ பிராப்ளம். எனக்குப் பெரிய பிராப்ளம். எறங்கு தாயீ" என்று கும்பிட்டார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்து பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கேபினில், உதவிக்குப் போயிருந்த என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது அண்ணனுக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தார்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அண்ணன் கவனம் இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று சிலர் பேசுகிறார்கள். அது பொய்.

அண்ணன் மகளுக்கு வரன் பார்த்தது நம் பழைய ஊருக்குப் பக்கத்து ஊரில். நல்ல குடும்பம். நல்ல பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு முடிந்துவிட்டது. ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகம் முடிந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கோயிலுக்குப் புதிய அம்மன் சிலையைத் திருவண்ணாமலையில் ஒரு சிற்பக் கூடத்தில் செய்யக் கொடுத்திருந்தார்கள். பீடத்தோடு ஒரே கல். கோயில் தர்மகர்த்தா மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. அவர் அண்ணனிடம், "நம்ம அம்மாவ நீங்கதான் கொண்டாந்து சேக்கணும்" என்றார். அண்ணனுக்கு அதைவிடப் பெருமை இல்லை. என் காணிக்கை என்று சொல்லிவிட்டார்.

வழக்கம்போல முதலில் இறக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார். சிலையைக் கும்பாபிஷேகம் வரை தண்ணீரில் வைக்க வேண்டும் அல்லவா, அதற்காகக் கோயில் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார்கள். தொட்டிக்கு மேலே முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, வண்டியிலிருந்து நேராகத் தண்ணீரில் இறக்குவது என்று ஏற்பாடு. கப்பியை அண்ணனின் கூட்டாளி ஏழுமலை அண்ணன் முதல் நாளே கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தார். அவரும் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர்.

அது ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. சிற்பக் கூடத்தில் பூஜை போட்டு, வைக்கோலும் டயரும் பரப்பி, சிலையை மல்லாத்திப் படுக்க வைத்துக் கட்டினார்கள். ஆரத்தித் தட்டோடு நானும், இறக்க உதவிக்கு ஏழுமலை அண்ணனும் கேபினில் உட்கார்ந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த ஊருக்குப் போகக் கூடாது என்பதால் அண்ணியும் மகளும் வீட்டிலேயே இருந்தார்கள். வழியில் அண்ணன் இரண்டு முறை நிறுத்திப் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

ஊர் எல்லையில் மேளம், பட்டாசு. பெண்கள் எல்லாம் மஞ்சள் புடவையில் நின்றார்கள். தர்மகர்த்தா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க சம்பந்தி, எங்க அம்மாவ நோயாளி மாதிரி படுக்க வெச்சிக் கூட்டினு வந்துட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "படுத்துனு வந்தாதாங்க பத்திரமா வருவாங்க."

ஒரு பாட்டி விடவில்லை. "மொத மொதல்ல ஊருக்குள்ள வர்றவ நின்னுதான்யா வரணும். படுத்துனு போறது கடைசியா போறவங்கதான்."

அண்ணன் சொன்னார்: "நிக்க வைக்கலாம் ஆயா. இங்கயே கீழ எறக்கி, பூஜை முடிச்சி, மறுபடி வண்டிக்கு உள்ளாற நிக்க வெச்சி நாலு பக்கமும் கட்டிடறேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

"கீழயா?" என்றார் தர்மகர்த்தா. "பூஜை போட்டு ஏத்துன சிலை. தண்ணிக்குப் போற வரிக்கும் தரையில படக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"வைக்கோல் போட்டு மேல புதுத்துணி விரிச்சி..."

"தரை தரைதாங்க."

"அப்ப எறக்க வாணாம். இருக்கற எடத்துலயே தூக்கி நிறுத்திடறேன்."

"உள்ள நின்னா கேபின் மறைக்குது, பலகை மறைக்குது. ஜனங்க யாரப் பாத்துக் கும்புடுவாங்க? டோரத் தொறந்து அதுமேல நிறுத்துங்க. கோயில் இதோ தெரியுது. ஆளுங்க நடக்கற வேகத்துல போனா போதும்."

 அண்ணன் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் மேளக்காரர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை அண்ணன் தணிந்த குரலில், "வாணாம்பா. முடியாதுனு சொல்லு" என்றார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெண் கொடுக்கப் போகிற வீடு, பேசுகிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, சுற்றி நிற்பது மொத்த ஊர். வேறு யார் கேட்டிருந்தாலும் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பீடி பற்ற வைத்திருப்பார். அன்றைக்கு, "சரிங்க" என்றார்.

அதற்குப் பிறகும் அவரால் முடிந்ததைச் செய்தார். இளைஞர்கள் டோரைத் திறந்து, சிலையைக் கயிறு போட்டு நகர்த்தி அதன்மேல் நிறுத்தினார்கள். பெல்ட் அத்தனையையும் அம்மன் இடுப்பில் சுற்றி இரண்டு பக்கப் பலகையிலும் கட்டினார். சங்கிலிக் கொக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஏழுமலை அண்ணனை ஓட்டச் சொன்னார். "வண்டிக்குப் பின்னாடியும் பக்கத்துலயும் ஒருத்தரும் வரக் கூடாது. முன்னாடி போங்க, முன்னாடி போய்த் திரும்பிப் பாருங்க" என்று எல்லோரையும் விரட்டினார். பின்னால் அவர் மட்டும் நடந்தார். நான் தட்டோடு கேபினில் இருந்தேன். கண்ணாடியில் அவருடைய தோளும் துண்டும் தெரிந்தன.

தெருவில் குடிதண்ணீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டி மண் போட்டு மூடியிருந்தார்கள். முந்தின நாள் மழை. முன்சக்கரம் தாண்டியது. பின்னால் இடதுபக்கச் சக்கரம் இறங்கிவிட்டது. இடதுபக்கக் கொக்கி நீண்டுபோய்ச் சங்கிலி கழன்றது. டோர் ஒரு பக்கமாக மடங்கி, பெல்ட்டையும் மீறிச் சிலை சாய்ந்தது. அந்தப் பக்கம் ஒரு வேப்ப மரம். பெரியவர்கள் முன்னால் போய்விட்டாலும், மரத்தடியில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன், "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே நடுவில் போய்த் தோள் கொடுத்தார். குழந்தைகள் ஓடிவிட்டன. அண்ணன் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடி வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கயிறு போட்டு இழுத்து, கொஞ்சம் இடம் கிடைத்ததும் அண்ணனை உருவி எடுத்தார்கள். சிலை அப்படியே மரத்தில் சாய்ந்து நின்றது. சிலையின் அடி, மடங்கிய டோரின்மேல்; டோர் ஒற்றைச் சங்கிலியில். தரையில் படவில்லை. அதே நேரத்தில் யாரோ, "அம்மா வேப்ப மரத்துல சாஞ்சிட்டாடா, எடம் புடிச்சிட்டா" என்று கத்தினார்கள். நாங்கள் அண்ணனைக் காரில் ஏற்றும்போது பெண்கள் அங்கே சாமி ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

மருத்துவமனையில் இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது, உள்ளே இரத்தம் கசிகிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் அவர் போய்விடுவார் என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகள், "எனக்கு அந்த எடமே வாணாம் அத்தை" என்று அழுதது. நான் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் இருந்தேன். ஜன்னலில் மலை தெரிந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணனுக்கு நினைவு வந்ததும் அவர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சிலைய எறக்கிட்டாங்களா?"

"இல்லண்ணா. அப்பிடியே இருக்குதாம். ரத்தம் பட்டுட்டதால பரிகாரம் பண்ணித்தான் தொடணுமாம். நாள் பாத்துனு இருக்காங்க."

"டோரு மேலயா? ஒத்தச் சங்கிலியிலயா?"

"ம்."

"ஜனங்க?"

நான் பக்கத்தில் நின்ற ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். ஏழுமலை அண்ணன் சொன்னார்: "திருவிழா மாதிரி கீதுப்பா. பந்தல் போட்டுட்டாங்க. அடியில வெளக்கு ஏத்தறாங்க. பசங்க டோருக்குக் கீழ பூந்து வெளயாடுது."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்தார். "அந்தக் கொக்கி நிக்காது. மரம் தாங்கினு இருக்குதுனு நெனைக்கறாங்க. மரம் தாங்கல. ஒரு மழ பேஞ்சா சக்கரம் இன்னும் எறங்கும், அடி நழுவும். ஏழுமல, கீழ எறக்கச் சொல்லு. மணலு கொட்டி, கப்பிய அங்க மாத்தி, கீழ வெச்சிடச் சொல்லு. இன்னொரு உயிரு போச்சின்னா..." அதற்குமேல் மூச்சு வாங்கியது.

ஏழுமலை அண்ணன் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டார். கிரேன் கொண்டு வரலாம் என்றால் தெருவில் மின்கம்பி தாழ இருக்கிறது. கப்பி போடலாம் என்றால், வண்டி ஓட்டினவனே நீதானே என்று அவரை நெருங்க விடவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ போமா. நீ சொன்னா சம்பந்தி வீட்டுல கேப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லு."

நான் அதுவரை ஊர்க் கூட்டத்தில் பேசியதில்லை. என் கல்யாணத்திலேயே தலை நிமிரவில்லை என்று அண்ணி கேலி செய்வார். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பந்தலில் தர்மகர்த்தாவும் பெரியவர்களும் இருந்தார்கள்.

"அண்ணன் சொல்றாருங்க..." என்றேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அண்ணன் சொல்றாருங்க, கீழ எறக்கி வைக்கணுமாம். சங்கிலி நிக்காதாம்."

தர்மகர்த்தா எழுந்து வந்தார். அவருக்கும் தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "எப்பிடிம்மா இருக்காரு? எங்க வீட்டுலயும் யாரும் சோறு துன்னல. ஆனா பரிகாரம் பண்ணாம கைய வெச்சா ஊருக்கு ஆவாதும்மா. ஐயரு நாள் குறிச்சிக் குடுக்கட்டும். அதுவரிக்கும் அம்மாவே பாத்துக்குவா. நீ போய் அண்ணனப் பாரு."

பின்னால் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. "அண்ணன் சாச்சி வுட்டாரு, தங்கச்சி எறக்க வந்துட்டா."

 அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் கால் வரவில்லை. டோருக்கு அடியில் இரண்டு பெண் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மறுபடி உள்ளே போயின. மறுபடி இழுத்தேன். பிறகு ஏரிக்கரைப் பக்கம் போய், அங்கே வெட்டிப் போட்டிருந்த வேலிக்காத்தான் முள்ளை இழுத்துக்கொண்டு வந்து டோருக்கு அடியில் போட்டேன். புடவை கிழிந்தது, கையெல்லாம் கீறல். பெண்கள், "இன்னாடி இது, அம்மனுக்கு முள்ளு போடறா பைத்தியக்காரி" என்று சத்தம் போட்டார்கள். இரண்டாவது முறை நான் ஏரிக்கரைக்குப் போனபோது மாப்பிள்ளை அங்கே அரிவாளோடு நின்றிருந்தார். "நீங்க அந்தப் பக்கம் புடிங்க அத்தை. யாராவது கேட்டா நான் போட்டேன்னு சொல்லுங்க" என்றார். இரண்டு பேருமாகச் சிலையைச் சுற்றிலும் முள் போட்டோம். மாப்பிள்ளையே போடுவதைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். விளக்கை முள்ளுக்கு வெளியே தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். "எறக்க மாட்டேனுட்டாங்கண்ணா. சுத்தி முள்ளு போட்டுட்டு வந்தேன்."

"நீயா? முள்ளா?" என்றார். "வாயத் தொறக்க மாட்ட. முள்ளு போட்டுட்டியா." சிரித்தார். சிரிப்பது வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஆனால் முள் சிலையைத் தாங்காது. அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாயங்காலம் ஆனால் வானம் கறுத்துவிடும். இடி சத்தம் கேட்டால் அண்ணன் ஜன்னலைப் பார்ப்பார். "கீழ்பென்னாத்தூர் பக்கம் பேயுதா? ஏழுமலைக்குப் போன் போடு. மண்ணு எளகிடும்." ஏழுமலை அண்ணன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டோருக்கு அடியில் கட்டை அடுக்க மட்டும் விட்டார்களாம். அடுக்கிய கட்டை மறுநாள் பார்த்தால் சேற்றில் புதைந்திருந்ததாம். நாளுக்கு நாள் கூட்டம் ஜாஸ்தியானது. வெளியூர்களிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். ஐயர் குறித்த நாளுக்கு இன்னும் பல நாள் இருந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். உடம்பு வீங்கியது. அண்ணி ஈரப் புடவையோடு மலை சுற்றிவிட்டு வந்து, அந்தக் காலோடு வார்டு வாசலில் நின்றார். டாக்டர் எங்களிடம் பேசும்போது அண்ணியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். நான் யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைப்பேன். என்ன கேட்பது என்று தெரியாது. மருந்து வாங்கி வரச் சொன்னால் ஓடினேன். இரத்தம் வேண்டும் என்றால் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கடைசி நாள் முகத்தில் மூச்சுக் கருவி மாட்டியிருந்தார்கள், பேச முடியவில்லை. நான் பக்கத்தில் போனதும் கையை எடுத்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, படுக்கையில் வைத்து மெதுவாக அழுத்தினார். மறுபடி எடுத்தார், மறுபடி அழுத்தினார். லோடு இறக்கும்போது ஆட்களுக்கு அப்படித்தான் கை காட்டுவார். கீழே, இன்னும் கீழே. நான், "சொல்றேன்ணா, மறுபடி போய்ச் சொல்றேன்" என்றேன். அவர் கை நிற்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளேயும் அது அழுத்திக்கொண்டே இருந்தது. மதியம் நின்றது.

எங்கள் அண்ணன் யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. ஏற்றிய லோடை உடைத்துக் கொடுத்ததில்லை. அவர் வண்டிக்குப் பின்னால் நின்று யாரும் அடிபட்டதில்லை. என்னைப் படிக்க வைத்தார். என் கணவர் போன பிறகு என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதும் இல்லை.

அண்ணனைத் தூக்கிக் காரில் ஏற்றியவர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஸ்டாண்டு டிரைவர்களுக்கும், வார்டு நர்ஸ்களுக்கும், எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்த விடுதிக்காரர்களுக்கும், சொந்தத் தம்பியைப் போல ஓடிய ஏழுமலை அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரை அண்ணன் மகள் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை, கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தர்மகர்த்தா அண்ணன் காலமான செய்தி கேட்டதும் மாலையோடு வந்து, மாலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னிடம் ஏதோ கேட்க வந்தார். நான், "கீழ எறக்கிடுங்க" என்றேன். அந்த ஒரு முறை என் குரல் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் எங்கள் நன்றி.

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் காலை, பரிகார நாளுக்குக் காத்திராமல், ஊரார் மரத்தடியில் மணல் கொட்டிப் பரப்பி, ஏழுமலை அண்ணனை வரச் சொல்லிக் கப்பி போட்டுச் சிலையைத் தரையில் இறக்கி வைத்தார்கள். யாருக்கும் அடி படவில்லை. மத்தியானம் மழை பெய்தது.